கச்சான் வீசிய முதல் நாள்

கருந்துறைப் பட்டினத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடாரத்துக்குக் கப்பல் ஏறிப் போனவர் வீட்டு வாசலில் ஒரு விளக்கு எரியும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று அவரைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும்வரை அதை அணைய விடமாட்டார்கள். வாடை ஓய்ந்து மேற்கேயிருந்து கச்சான் காற்று கிளம்பிவிட்டதோ, அவ்வளவுதான். எதிர்க்காற்றில் கிழக்கேயிருந்து எந்தக் கப்பலும் வராது. வராதவர் செத்தவர். விளக்கை அணைத்துவிட்டு மறுநாளே கருமாதி.

அன்று விடியும்போதே கச்சான் வீசிற்று.

கப்பல் வியாபாரி மாசிலாமணி வாசல் விளக்கைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். அவர் தம்பி சோலையப்பன் துணிமூட்டைகளோடு கடாரம் போனவன். தகரமும் பாக்கும் ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். கூடக் கிளம்பிய கப்பல்களெல்லாம் தை மாதமே கரை சேர்ந்துவிட்டன. நடுக்கடல் புயலில் அவன் கப்பல் மட்டும் பிரிந்துபோயிற்று என்றார்கள்.

குளத்தில் ஒரு முங்கு முங்கிவிட்டு, நேரே சாமியம்மாவின் குடிசைக்கு ஓடினார். சாமியம்மா அவருக்குக் குரு. வயதில் என்னவோ அவர் மகள் போலத்தான். அதனால் குருவே சிஷ்யரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. முகம் ஏன் இப்படிக் கிடக்கு?"

"காத்து மாறிடுச்சு தாயே." ஈரத்துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார். "நாளைக்குக் கருமாதி வைக்கணும்னு ஊரே வாசல்ல வந்து நிக்குது. தம்பி பொண்டாட்டி பிச்சம்மை தாலியைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் தலையாட்டினா அறுத்துருவாங்க. செய்யவா, வேண்டாமா? சொல்லுங்க."

சாமியம்மா குத்துவதை நிறுத்தவில்லை. உலக்கை ஏறி இறங்கிற்று. அவர் திரும்பிப் பார்த்தபோது கொடியில் துண்டைக் காணோம். குனிந்து கொடிக்கு அடியில் தேடினார். குத்துக்கல்லுக்குப் பின்னால் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க?"

"துண்டு. இங்கேதானே போட்டேன்."

"போட்ட இடத்தையே சுத்தி வந்தா? காத்து சும்மாவா இருந்துச்சு?"

கிழக்கு வேலியில், முள்ளில் மாட்டிக்கொண்டு படபடத்தது துண்டு. அவர் போய் எடுத்தார்.

"அண்ணே, தை மாசப் புயல் எங்கேயிருந்து அடிச்சுது?"

"வடகிழக்கே இருந்து."

"பாய் கிழிஞ்ச கப்பல் அதுல எங்கே போகும்?"

"தென்மேற்கே தள்ளிக்கிட்டுப் போயிரும். நம்ம கரை கிடைக்காது. இலங்கைக்கும் தெற்கே போயிட்டா அதுக்கு மேல வெறும் தண்ணிதான்." துண்டை உதறினார். "மாலத்தீவு இருக்கு."

"அங்கேயிருந்து இங்கே வர எந்தக் காத்து வேணும்?"

மாசிலாமணி மேற்கே திரும்பினார். அந்தக் காற்றுதான் அவர் காதோரம் இரைந்துகொண்டிருந்தது.

"உமி கண்ணுல விழப்போகுது. தள்ளி நில்லுங்க" என்றாள் சாமியம்மா.

வீட்டுக்குப் போய் ஊராரிடம் சொன்னார்: "கருமாதி இல்லை."

"இனிமே கிழக்கேயிருந்து ஒரு கட்டை வருமாய்யா?" என்றார் ஊர்த்தலைவர்.

"நான் தெக்கே பாக்கப்போறேன்."

"கிழக்கே போனவனைத் தெக்கே தேடுறாராம்! பிச்சம்மை, உன் மூத்தார் தலையில ஒரு எலுமிச்சம்பழம் தேய்ச்சு விடு."

பிச்சம்மை காதில் வாங்காமல் உள்ளே போனாள். எண்ணெய்ச் செம்போடு வந்து விளக்கில் ஊற்றினாள்.

ஆனி பிறந்தது. ஒரு பகல் பொழுதில் தெற்கேயிருந்து தீவுக்காரர் கப்பல் ஒன்று வந்தது. வங்காளத்துக்குச் சோழி கொண்டுபோகிற கப்பல். குடிதண்ணீர் ஏற்றக் கருந்துறையில் நங்கூரம் போட்டது. தண்ணீர்ப் பீப்பாய்களோடு முதல் தோணி கரைக்கு வந்தது. அதிலிருந்து தாடியும் மீசையுமாக ஒருவன் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தான்.

"அண்ணே!"

மாசிலாமணி வேட்டி நனையக் கடலுக்குள் ஓடினார்.

"பாய் கிழிஞ்சுபோச்சுண்ணே. தீவுல போய் ஒதுங்கினோம். எல்லாருக்கும் உயிர் இருக்கு, கப்பல்தான் போச்சு. இந்தக் கச்சானுக்குத்தான் அங்கே காத்துக்கிடந்தோம்."

பிச்சம்மை அழுதுகொண்டே ஓடிவந்தாள். பக்கத்தில் வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன இது, ஊரே நாறுது!"

"அஞ்சு மாசமா மாசிக் கருவாடுதாண்டி சோறு."

"முதல்ல போய்க் குளிங்க" என்றாள். சொல்லிவிட்டு அவன் கையை விடவே இல்லை.

மறுநாள் மாசிலாமணி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு குடிசைக்குப் போனார். காலில் விழுந்து எழுந்தார்.

"தாயே, அவன் தீவுல இருக்கான்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"உயிரோட இருக்கான்னாவது?"

"அதுவும் தெரியாது."

"ஒண்ணுமே தெரியாமலா கருமாதியை நிறுத்த வச்சீங்க? ஒருவேளை அவன் செத்தே போயிருந்தா?"

சாமியம்மா ஒரு பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்புறமா செஞ்சிருக்கலாமேண்ணே. செத்தவருக்கு என்ன அவசரம்?"