மிளகைத் துப்பிய கற்பூரம்

முன்னொரு காலத்தில், வாயில்லாப் பொருளுக்கும் வாய் இருந்த காலத்தில், வேங்கைநாட்டு அரண்மனைக் களஞ்சியத்தைச் செங்கமலம் காத்துவந்தாள். அங்கே செப்புப் பேழையில் கற்பூரம். பக்கத்துக் கூடையில் வாணங்கள். இரண்டும் சட்டென்று பற்றிக்கொள்ளும் ரகம்; நெருப்பு இல்லாவிட்டால் பேச்சிலாவது.

"நான் எரிந்தால் ஊரே பார்க்கும்" என்னும் வாணம். உடனே மூடியைத் தூக்கிக்கொண்டு, "நீ எரிந்தால் ஊரே காதைப் பொத்தும்" என்னும் கற்பூரம்.

செங்கமலம் தலையில் அடித்துக்கொள்வாள். "வாயை மூடித் தொலையேன்." கற்பூரம் கரையாதிருக்க அவள் மிளகு போட்டால், காரம் என்று அதையும் துப்பிவிடும்.

ஒருநாள் அவள் மகள் பொற்கொடி, வழியில் போன மந்திரவாதியின் தாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். நின்ற களஞ்சிய வாசலிலேயே கல்லானாள். தாய் காலில் விழுந்து கதறியபின் அவன் கொடுத்த தவணை மூன்று வெள்ளிக்கிழமை. சாம்பலோ சக்கையோ மிஞ்சாத நெருப்பை உச்சிவேளையில் அவள்முன் காட்டினால் எழுவாள். தவறினால் என்றும் கல்தான்.

முதல் வெள்ளி. நான் வானத்துக்கே போய்விடுவேன், இங்கே மிச்சமேது என்று அடம்பிடித்தது ஆகாசவாணம். போனது. கருகிய குச்சி திரும்பிவந்து கல்லின் தலையிலேயே விழுந்தது. கற்பூரம் மூடியைத் திறந்துவைத்து நாளெல்லாம் சிரித்தது.

இரண்டாம் வெள்ளி. நான் சுக்குநூறாகிவிடுவேன் என்றது சரவெடி. ஆனது. அந்தச் சுக்குநூறைப் பெருக்கி முடிப்பதற்குள் செங்கமலத்துக்கு இடுப்பு ஒடிந்தது. கற்பூரம் வாரமெல்லாம் குத்திக்காட்டியது.

மூன்றாம் வெள்ளி விடிந்தது. பேழைக்குள் கைவிட்டுத் துழாவினாள். கைப்பிடிக் கற்பூரம் மிளகளவு ஆகியிருந்தது. பதிலுக்குப் பதில் பேச மூடியைத் திறந்து திறந்து, தீயே படாமல் காற்றோடு போயிருந்தது.

இரண்டு மிளகைப் போட்டு மூடினாள். கற்பூரம் துப்பவில்லை. கூடையில் மிஞ்சிய வாணம் வழக்கம்போல் ஏதோ சொல்லவந்தது. தான் பேசினால் கற்பூரமும் மூடியைத் திறக்குமே என்று அடக்கிக்கொண்டது. உச்சிவரை களஞ்சியத்தில் ஒரு சொல் இல்லை.

கல்லின் முன் கற்பூரத்தைத் தட்டில் வைத்து ஏற்றினாள். சின்னச் சுடர் நிமிர்ந்து நின்றது, அணைந்தது. தட்டில் ஒன்றுமில்லை. கல் இளகியது.

"யாரம்மா அது, ஓயாமல் சண்டை போட்டது?" என்றாள் பொற்கொடி. "கல்லாகியும் தூக்கமில்லை."

அந்தி சாய்ந்ததும் ஊரே கூடியது. வாணம் செங்கமலத்திடம் மெதுவாகக் கேட்டது: "அக்கா, இப்போது நான் கத்தலாமா?"

"கத்து."

வானமெல்லாம் பூத்தது. மகளை அணைத்தபடி செங்கமலம் பழக்கத்தில் பேழையைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே இரண்டு மிளகு. வாயை மூடு என்று நூறுமுறை சொன்னவள், அன்று மூடியைத் திறந்தே வைத்திருந்தாள்.