கரையேறியவர்களின் கணக்கு

முன்பொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், வல்லபுரி நாட்டைத் தென்னவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஒரே ஒரு வியாதி. வாயைத் திறந்தால் "அந்தக் காலம் மாதிரி வருமா?"

இலையில் கத்தரிக்காய் விழுந்தால் அந்தக் காலத்துக் கத்தரிக்காய். வானம் இருட்டினால் அந்தக் காலத்து மழை. மாணியாற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலோ போச்சு, சபை கலைய உச்சிப்பொழுது ஆகிவிடும்.

"குருகுலம் அக்கரையில் அல்லவா இருந்தது? இடுப்பில் ஆளுக்கொரு சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தொபுக்கடீரென்று குதிப்போம். சடையன் என்று ஒருவன், மல்லாந்து மிதந்தபடியே பாடுவான் பாருங்கள், ஆஹா! அக்கரை மணலில் ஈர வேட்டியோடு உருண்டு புரண்டுவிட்டுத்தான் பாடத்துக்கே போவோம். இப்போது பரிசல் விட்டு ஜனங்களைச் சொகுசாக்கிவிட்டோம்!"

சொல்லும்போதே ராஜாவுக்குக் கண் கலங்கிவிடும். சொல்கிற எனக்கே அந்தத் தண்ணீரில் ஒரு முங்கு போடத் தோன்றுகிறது, அப்புறம் அவனைச் சொல்லி என்ன குற்றம்?

பரிசல் விட ஏற்பாடு செய்தவர் மந்திரி ஆதிச்சன். கூலி அரண்மனையே கொடுத்தது. அந்த ஆதிச்சன் பெயரைக் கேட்டாலே சபையில் ஒருவருக்கு வயிறு எரியும். அவர்தான் கணக்குப் பண்டிதர் கோவிதர். மந்திரியைக் கவிழ்க்க இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"மன்னா, வெறும் வாய்ப்பேச்சு எதற்கு? ஊர் ஊராக ஆள் அனுப்பி விசாரித்துவிடுகிறேன்."

அனுப்பினார். அந்தக் காலத்தில் குடுக்கை கட்டி ஆறு கடந்தவர்களைத் தேடிப் பிடித்து ஒரே கேள்வி: "நலமாகக் கரையேறினீரா?"

பதில்களோடு சபைக்கு வந்தவர் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னார்: "கேட்ட அத்தனை பேரும் ஏறினார்களாம் மன்னா! ஒருத்தர்கூட மூழ்கவில்லை. பரிசல் சுத்த வீண்!"

ராஜா துள்ளிக் குதித்தான். "நான் சொன்னேனா இல்லையா? ஆடிப்பெருக்குக்கு முன்னால் பரிசல்களை எல்லாம் உடைத்துப் போடுங்கள். வீட்டுக்கொரு சுரைக்குடுக்கை கொடுங்கள்!"

சபை கைதட்டியது. சபைக்கென்ன, ஆற்றைக் கடக்கப் போவது அவர்களா?

சேதி கேட்டுப் பரிசல்காரி பூவாத்தா மந்திரி வீட்டுக்கு ஓடிவந்தாள். "என் பிழைப்பு போனாப் போகுது சாமி, களை பறிச்சாவது கஞ்சி குடிச்சுக்குவேன். சந்தைக்குப் போற பொம்பளைங்க கைப்பிள்ளையோட வர்றாங்க. பெருக்கு வந்தா அதுங்க கதி என்ன? எங்க அண்ணன் மாதிரி போய்ச் சேரணுமா?"

"உன் அண்ணனா? யாரம்மா அது?"

அவள் அண்ணன் பெயரைச் சொன்னாள். ஆதிச்சன் திடுக்கிட்டுப் போனார். அப்படியே அவளை உட்காரவைத்து, ஆற்றோரத்தில் வேறு யார் யார் வீட்டில் இப்படி நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மறுநாள் சபையில் அவர் முகமெல்லாம் சிரிப்பு. "மன்னா, இவ்வளவு நல்ல சேதிக்கு விருந்து வைக்க வேண்டாமா? உங்களோடு நீந்திய தோழர்களை எல்லாம் அழைப்போம். பெயர்களை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்."

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை. குருவின் குடுமியில் ஓணான் விட்டவன் ஒருவன், நாவல்பழம் திருடி மாட்டிக்கொண்டவன் ஒருவன். "சடையன் இலையை என் பக்கத்தில் போடுங்கள்!" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

விருந்தன்று வந்த தோழர்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டும் கட்டிக்கொண்டும் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அங்கங்கே சில இலைகளுக்கு மட்டும் ஆளில்லை. ராஜாவுக்குப் பக்கத்து இலையும் காலி.

"சடையன் எங்கே?" என்றான் ராஜா.

கோவிதருக்குப் பசி. "வராதவர்களுக்காக நாம் காத்திருப்பதா? அடேய், ஆளில்லாத இலைகளை எடு. எல்லோரும் நெருங்கி உட்காருங்கள். பந்தி நிறைந்துவிடும்!"

"பார்த்தீர்களா மன்னா!" என்றார் ஆதிச்சன். "விசாரணையிலும் பண்டிதர் இதையேதான் செய்தார்."

"என்னய்யா சொல்கிறீர்?"

"கரையேறியவர்களைத் தேடிப்போய்க் கரையேறினீரா என்று கேட்டார். ஏறாதவர்கள் எங்கிருந்து வந்து பதில் சொல்வார்கள்?"

பூவாத்தா வாசலிலிருந்து வந்து அந்தக் காலி இலையருகே நின்றாள். "மகாராசா, அண்ணன் வர முடியாது. தங்கச்சி நான் வந்திருக்கேன்."

"சடையன் தங்கையா? அவன் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டான் என்றல்லவா அரண்மனையில் சொன்னார்கள்?"

"நீங்க அப்போ சின்னப்பிள்ளை, ஏங்கிப் போயிருவீங்கன்னு சொல்லியிருப்பாங்க. பெருக்குல குடுக்கை உடைஞ்சு போச்சு மகாராசா. ஆத்தா சாகுறவரைக்கும் அந்தக் கரையை விட்டு வரவே இல்லை."

மற்றக் காலி இலைகளுக்கும் ஒவ்வொருவராக வந்தார்கள். மூழ்கிப்போனவர்களின் அண்ணன், அக்காள், மாமன். ராஜா சபை என்றும் பாராமல் விம்மி விம்மி அழுதான்.

பிறகு கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஆதிச்சனுக்குப் போட்டான். "அது நல்ல காலம்தான் ஐயா. எனக்கு நல்ல காலம். பரிசலை யாரும் தொடக்கூடாது. துறைக்குத் துறை இன்னும் விடுங்கள்."

"நான் பொய் சொல்லவில்லையே மன்னா!" என்று பதறினார் கோவிதர். "அவர்கள் சொன்னதைச் சொன்னபடிதானே எழுதினேன்?"

"எழுதினீர். யாரைக் கேட்காமல் விட்டீரோ, அந்த வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டு வாரும். ஆள் அனுப்பக்கூடாது. நீரே போக வேண்டும்."

மறுநாள் காலை பண்டிதர் ஓலைக்கட்டும் எழுத்தாணியுமாகத் துறைக்கு வந்தார். ஆறு புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. பூவாத்தா இடுப்பில் கைவைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் சாமி, குடுக்கை கட்டிக்கிறீங்களா, பரிசல்ல வர்றீங்களா?"

"பரிசல்தான் தாயே," என்றார் பண்டிதர், வாய்க்குள்ளேயே.

விளிம்பை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நடு ஆற்றில் பூவாத்தா துடுப்பை நிறுத்தினாள்.

"ஓலையை எடுங்க சாமி. முதல்ல எங்க அண்ணன் பேரை எழுதிக்குங்க. இந்த இடம்தான்."