பதினைந்து விநாடிப் பதில்

போடி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம் இருந்தது. அதில் ஆறு பேர், ஒரு கிணறு, ஒரு டேப்லெட். கிணற்றுக்காக அங்கே யாரும் சண்டை போட்டதில்லை.

டேப்லெட்டைக் கொடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர். சும்மா அதை மட்டும் கொடுத்திருக்கலாம். கூடவே திரையில் எழுத ஒரு பேனாவையும், மடக்கி விரிக்கிற கீபோர்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஆசிரமத்துக்கு நாலா பக்கத்திலிருந்தும் கேள்விகள் வரும். போனில் மெசேஜாக வந்தாலும் அங்கே அதற்குப் பெயர் கடிதம்தான். சிக்கலான கடிதங்களுக்கு அம்மாவே பதில் சொல்வார். மற்றதற்கெல்லாம் சீடர்களே பதில் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்.

அம்மா என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆசிரமத்தின் குருவான மங்கையர்க்கரசி அம்மாவுக்கு முப்பத்தொன்பது வயது. அறுபது தாண்டியவர்கள் சீடர்கள்தான்.

மணவாளன் பத்திரப் பதிவு ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கீபோர்டு. தாண்டவன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். அவருக்குப் பேனா. ஒருநாள் அவர், ஒருநாள் இவர் என்று டேப்லெட்டைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லியிருந்தார் அம்மா. பகிர்ந்துகொண்டார்கள், முறைத்துக்கொண்டே.

"ஒரு கடிதத்துக்கு நாலு நாளா ஓய்? பரீட்சைக்கு ஆசீர்வாதம் கேட்ட பிள்ளைக்கு ரிசல்ட் வந்தப்புறம் ஆசீர்வாதம் போயிருக்கு" என்பார் மணவாளன்.

"கையால எழுதினாத்தான் அதுல ஆள் இருக்கும். உம்ம கடிதமெல்லாம் கரண்டு பில்லு மாதிரி இருக்கு" என்பார் தாண்டவன்.

"என் பதில் பதினஞ்சு விநாடியில போய்ச் சேரும்."

"சேரும், சேரும். குப்பைக்கூடையில சேரும்."

அன்று மத்தியானம் இரண்டு பேருமாக அம்மாவிடம் போனார்கள். அம்மா சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னிக்கு ஒரு முடிவு சொல்லிடுங்க. டேப்லெட்டுல எழுதுறதுக்குப் பேனா உசத்தியா, கீபோர்டு உசத்தியா?" என்று கேட்டார் மணவாளன்.

அம்மா முறத்தை இருவருக்கும் நடுவில் தள்ளினார்.

"உக்காருங்க ஐயா. வெங்காயம் நிறைய இருக்கு."

இரண்டு பெரியவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டே உரித்தார்கள். கால் முறம்கூட முடியவில்லை, வெளிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

வந்தவளுக்கு நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் போன்.

"இங்க பதில் போடுறது யாருங்க?"

"நான்தாம்மா" என்று நிமிர்ந்தார் மணவாளன். பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

"எம் பேரு ஒச்சம்மா. சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுல இட்லிக்கடை வச்சிருக்கேன். மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு கடிதம் போட்டேன். நீங்க போட்ட பதிலைப் படிக்கிறேன், கேக்குறீகளா?"

படித்தாள். "உங்கள் கணவர் விரைவில் திருந்துவார். பொறுமையாக இருங்கள். எல்லாம் நன்மைக்கே."

"நல்ல பதில்தானம்மா?" என்றார் மணவாளன்.

"எங்க வீட்டுக்காரரு செத்து ஒம்பது வருசம் ஆச்சுங்கய்யா. இனிமே திருந்தி என்ன பண்ணப் போறாரு?"

தாண்டவனுக்குச் சிரிப்பில் புரையேறியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடியும் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். ஒச்சம்மாளே சிரித்தாள். மணவாளனுக்கு மட்டும் காது வரைக்கும் சூடேறியது. நாற்பது வருஷ உத்தியோகத்தில் ஒரு பத்திரத்தில்கூட அவர் தப்பு விட்டதில்லை.

"நான் 'உங்கள்'னுதாம்மா அடிச்சேன். அடுத்த வார்த்தையைத் திரையில அதுவே காட்டும். 'கணவர்'னு காட்டுச்சு, தொட்டேன். 'விரைவில்'னு காட்டுச்சு, தொட்டேன். வாரத்துக்கு நாப்பது கடிதம் வருது. அதுல முப்பது குடிகாரப் புருஷன் கடிதம். அதுக்கும் பழகிப்போச்சு" என்றார்.

"அதுக்கு மட்டுமா?" என்று கேட்டுவிட்டு அம்மா வெங்காயத்துக்குத் திரும்பினார்.

ஒச்சம்மாளுக்கு உட்கார மணை போட்டார்கள். மோர் கொடுத்தார்கள்.

"இப்ப என்ன கேக்கணும் தாயி?" என்றார் அம்மா.

"அதே கேள்விதாம்மா. கம்பம் மதுரை பஸ்ஸு ஓட்டுறவரு ஒருத்தரு, சீலமுத்துன்னு பேரு. ரெண்டு வருசமா தினமும் நம்ம கடையிலதான் சாப்பாடு. கல்யாணம் பண்ணிக்கிருவமான்னு கேக்குறாரு. நாளை மறுநாள் ஆடி பொறக்குது, அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டாக. நாளைக்கு அவுக அக்கா வர்றாக. நான் ஒரு பதில் சொல்லியாகணும். ராத்திரியெல்லாம் உருண்டு உருண்டு படுத்தேன், ஒண்ணும் பிடிபடலை. அதான் நேர்லயே வந்துட்டேன்."

அம்மா தாண்டவனைப் பார்த்தார்.

"ஐயா, பேனாவை எடுங்க. அவங்க சொல்றதை எழுதிக்கோங்க."

தாண்டவன் மணவாளனை ஒரு பார்வை பார்த்துவிட்டு டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஒச்சம்மாள் பேச ஆரம்பித்தாள். கடையைச் சொன்னாள், மகனைச் சொன்னாள், செத்துப்போன புருஷனைச் சொன்னாள்.

"கொஞ்சம் மெதுவா சொல்லும்மா" என்றார் தாண்டவன். இன்னொரு தடவையும் சொன்னார். கடைசியில் அவள் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

திரையில் 'திருமதி ஒச்சம்மாள், சின்னமனூர்' என்று இருந்தது. அச்சில்கூட அப்படி வராது. அடியில் ஒரு கொடி, கொடியில் இரண்டு பூ.

"ஆத்தி! எம் பேரு இம்புட்டு அழகா?" அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். "பேருக்கு அப்புறம் என்ன எழுதியிருக்கீக?"

தாண்டவன் பேனாவுக்கு மூடி தேடினார். அந்தப் பேனாவுக்கு மூடியே கிடையாது.

"மணவாளன் ஐயா, இப்ப நீங்க. அடிச்சதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றார் அம்மா.

மணவாளன் டேப்லெட்டை வாங்கிக் கீபோர்டை விரித்தார். அவள் மறுபடியும் சொன்னாள். அவள் வாயை மூடவும் அவர் விரலை எடுக்கவும் சரியாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"கைம்பெண்ணாகிய நான் மறுமணம் செய்துகொள்ள எண்ணுகிறேன். இதைச் சமுதாயம் ஏற்குமா? என் மகன் சம்மதிப்பானா? தக்க ஆலோசனை வழங்க வேண்டுகிறேன்."

"இதை யாரு கேட்டா?" என்றாள் ஒச்சம்மாள்.

"நீங்கதானேம்மா."

"நானா? எம் மகன்தான்யா அந்தக் கடிதத்தையே போன்ல அடிச்சுக் குடுத்தான். அவன் எப்பவோ சரின்னுட்டான். ஊரு பேசட்டுமே. ஊரு ஒண்ணு பேசினா நான் ஒம்பது பேசுவேன். பஸ் ஸ்டாண்டுல கடை வச்சிருக்கிறவ நானு."

"அப்ப நீங்க என்னதான் கேட்டீங்க?"

இதைக் கேட்டபோது மணவாளன் கீபோர்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். வந்ததிலிருந்து அவளை அவர் சரியாகப் பார்ப்பது அப்போதுதான்.

ஒச்சம்மாள் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டினவரு. வாழைத்தார் ஏத்திக்கிட்டு குமுளி வழியா போனாரு. காலையில வந்துருவேன்னாரு. நான் வாசல்ல நிக்கிறேன், நிக்கிறேன், நின்னுக்கிட்டே இருக்கேன். உள்ள இட்லி மாவு பொங்கி வழியுது. போயி அள்ளத் தோணலை. சாயங்காலம் போலீஸ்காரரு வந்துதான் சொன்னாரு."

மணவாளன் முன்பு அடித்ததையெல்லாம் அழித்துவிட்டு 'வாசல்ல' என்று அடித்தார். திரை அடுத்த வார்த்தைக்கு மூன்று வழி காட்டியது. அவர் எதையும் தொடவில்லை.

"இவரும் வண்டி ஓட்டுறவரு. இன்னொரு தடவை அப்படி நிக்க எனக்குத் தெம்பு இருக்கான்னுதான்யா கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கலை."

தாண்டவன் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

மணவாளனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாததால் ஒரு கேள்வி கேட்டார்.

"நேரமாச்சுன்னா சொல்லி அனுப்புவாராம்மா?"

"யாரு, இவரா?" ஒச்சம்மாளின் முகம் மாறியது. "அந்தக் கூத்தை ஏன்யா கேக்குறீக! கம்பத்துல கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போனு. தேனி ஸ்டாண்டுல நின்னா ஒண்ணு. உசிலம்பட்டியில டீ குடிச்சா ஒண்ணு. டீ நல்லா இல்லைன்னா அதைச் சொல்ல இன்னொண்ணு."

"எல்லாத்தையும் எடுப்பீங்களா?"

"எடுக்காம? மாவுக் கையோட எடுப்பேன். பாருங்க, போனு பூரா மாவு."

"எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னா அவரு பதறிப் போயிருவாரு. அவரு கூப்பிடலைன்னா எனக்கு இட்லி வேகாது. பத்து நிமிசம் தப்பினாலும் அடுப்பை விட்டுட்டு ரோட்டுக்கு வந்து நின்னுருவேன்."

சொல்லிவிட்டு ஒச்சம்மாள் நிறுத்தினாள். மாவு காய்ந்திருந்த போனையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரெண்டு வருசமா நின்னுக்கிட்டுத்தான்யா இருக்கேன்" என்றாள். "கல்யாணம் பண்ணினாலும் நிப்பேன், பண்ணாட்டியும் நிப்பேன். இது தெரியாமலா மூணு வாரம் தூங்காம கெடந்தேன்?"

அவள் சிரித்த சிரிப்பில் முறத்து வெங்காயத் தோல்கூடப் பறந்திருக்கும். கண்ணில் நீரும் வந்தது. வெங்காயம் என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் போன் அடித்தது.

"தேனிக்கு வந்துட்டாரு" என்று எழுந்தாள். செருப்பை எடுத்துக்கொண்டு, மூவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பேசிக்கொண்டே கதவைப் பார்த்து நடந்தாள். "நான்தான். இல்ல, கடையில இல்ல, ஒரு வேலையா போடிக்கு வந்தேன். ஆமா, ஆமா. நாளைக்கு அக்காவைப் பூ வாங்கிட்டு வரச் சொல்லுங்க. என்னது? பூவுன்னா பூவுதான், கதம்பமெல்லாம் வேணாம், மல்லிகைப்பூ. என்னாச்சு, பேச்சையே காணோம்? அழுகிறீகளா? அட, பஸ் நிறைய ஆளுக இருக்கப்போறாக!"

கதவு சாத்திக்கொண்டது. ரோடு வரைக்கும் அவள் குரல் கேட்டது.

சமையல்கட்டு வாசலில் அம்மா மறுபடியும் வெங்காயத்தை எடுத்தார். மணவாளனுக்கு நெஞ்சு நிறைந்து கிடந்தது. நாற்பது கடிதத்துக்குப் பதில் போட்ட வாரத்தில்கூட அவர் இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை.

மடியில் டேப்லெட் எப்போதோ அணைந்துபோயிருந்தது. தட்டிப் பார்த்தார். 'வாசல்ல' என்ற ஒற்றை வார்த்தை, அதற்குப் பின்னால் மினுக்கிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கோடு. தாண்டவனும் எட்டிப் பார்த்தார். கேலி செய்ய நல்ல இடம்தான். செய்யவில்லை.

மணவாளன் டேப்லெட்டை முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஆனாலும் பழைய ஆபீஸ்காரர், கேட்ட கேள்விக்குப் பதில் வாங்காமல் எழுந்துபோய்ப் பழக்கமில்லை.

"அம்மா, நாங்க கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே. நாளைக்கு வர்ற கடிதத்துக்கெல்லாம் பேனாவா, கீபோர்டா?"

அம்மா கடைசி வெங்காயத்தை உரித்துப் போட்டார்.

"ஒச்சம்மா கடிதம் நமக்கு எப்ப வந்துச்சு ஐயா?"

"மூணு வாரம் முன்னாடிம்மா, ஒரு செவ்வாய்க்கிழமை. வந்த பதினஞ்சாவது விநாடி பதில் போயிடுச்சு. அதான் வினையே."

"இல்லைங்கய்யா" என்றார் அம்மா. "இன்னிக்குத்தான் வந்துச்சு. மோர் டம்ளரை அவங்க கீழ வச்சாங்களே, அப்ப."