நாற்பத்து மூன்று நாள் நின்ற வரி

ஒரு காட்டில் வெடுக்கன் என்றொரு கீரி இருந்தது. ஓர் இடத்தில் நிற்காது, உட்காராது. அந்தக் காட்டின் நடுவே பெரிய சதுப்பு. அதன் கரையில், மழை படாத பாறை நிழலில், வழவழப்பான களிமண் சுவர் ஒன்று. தெரிந்ததை யார் வேண்டுமானாலும் அதில் கீறலாம். தப்பென்று பட்டால் யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு: அழித்தவர் பக்கத்திலேயே தன் காலடியைப் பதித்துவிட்டுப் போக வேண்டும். கமுக்கமாக அழித்துவிட்டு நழுவ முடியாது.

சுவரில் பெரும்பாலான வரிகள் ஒரு வாரம்கூடத் தாங்காது. குரங்கு எழுதிய "குரங்கே அழகு" அரை நாளில் போனது. கரடி எழுதிய தேன்கூட்டு விவரம் தேன் தீர்ந்ததும் போனது. வெடுக்கன் எழுதியது மட்டும் அசையவில்லை.

"சதுப்பைத் தாண்ட மருத மரத்துக்கு நேரே இறங்கு. அங்கே தரை கெட்டி."

தானே நடந்து பார்த்துத்தான் எழுதியது. அதுவரை சரி. அதற்குப் பிறகுதான் கிறுக்குப் பிடித்தது. விடிந்ததும் சுவருக்கு ஓடும். இரை தேடப் போய்ப் பாதியில் திரும்பி வந்து பார்க்கும். போகிற வருகிறவரை நிறுத்தி, "இந்தச் சுவர்ல இத்தனை நாள் நின்ன வரி வேற எது, சொல்லு" என்று உயிரை வாங்கும்.

நாற்பத்திரண்டாம் நாள் மழை கொட்டியது. மறுநாள் காலை, சேற்றிலேயே குடியிருக்கும் ஆமை மேலே வந்தது. 'மருத மரம்' என்பதை அழித்து 'நாவல் மரம்' என்று எழுதியது. காலடியைப் பதித்தது.

வெடுக்கன் பாய்ந்து வந்தது. உடனே அதை அழித்துப் பழையபடி எழுதியது.

"தம்பி, மழையில சேறு நகர்ந்துடுச்சு. மருத மரத்தடி இப்ப ஆளை முழுங்கும்" என்றது ஆமை.

"நான் நடந்து பார்த்த தடம் அக்கா அது."

"எப்ப நடந்தே?"

"நாப்பத்திமூணு நாளா நிக்குது. தப்பா இருந்தா நின்னிருக்குமா?"

"இப்ப ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாயேன்."

"நான் அந்தப் பக்கம் போனா நீ இந்தப் பக்கம் அழிச்சிடுவே!"

பத்து அடி நடந்தால் தெரிந்துவிடும். ஆசாமி காவலை விட்டு நகரமாட்டேன் என்கிறது! ஆமை மூன்று முறை திருத்தியது. வெடுக்கன் மூன்று முறையும் மாற்றியது. நடுவில் அழிந்ததை அது நாள் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆமைக்கு அலுத்துப்போய், "எப்படியோ போ" என்று சேற்றில் இறங்கிவிட்டது.

மதியம் காட்டுக்குப் புதிதாக ஒரு தாய்மான் குட்டியோடு வந்தது. சுவரைப் படித்தது.

"அண்ணே, இது நிச்சயம்தானா? குட்டியைக் கூட்டிட்டுப் போகணும்."

"நாப்பத்திமூணு நாளா நிக்கிற வரிம்மா. கண்ணை மூடிக்கிட்டு இறங்கு."

குட்டிதான் துள்ளிக்கொண்டு முதலில் இறங்கியது. நாலே அடி. வயிறு வரை சேற்றில் போய்விட்டது. தாய் அலறியது. குட்டி உதறிய ஒவ்வோர் உதறலுக்கும் இன்னும் கீழே போனது. வெடுக்கன் கரையில் இங்கும் அங்கும் ஓடி, "ஆமையக்கா! ஆமையக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

நல்லவேளை, ஆமைக்குக் காது கேட்டது. சேற்றைக் குடைந்துகொண்டு வந்து குட்டியின் கால்களுக்கு அடியில் முதுகைக் கொடுத்தது. குட்டி ஓட்டின் மேல் காலூன்றியது. தாய் அதன் பிடரியைக் கவ்வி இழுத்துக் கரையேற்றியது.

தாய்மான் குட்டியை நக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. திட்டவில்லை. "உங்க வரியை நம்பித்தாண்ணே இறங்கினோம்" என்று மட்டும் சொன்னது.

வெடுக்கனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நேரே நாவல் மரத்தடிக்குப் போய் இறங்கி, அக்கரை வரை நடந்து திரும்பியது. அப்புறம் சுவருக்கு வந்து தன் வரியைத் தானே அழித்தது. ஆமையின் வரியை எழுதியது. காலடியைப் பதித்தது.

"அக்கா, இது எத்தனை நாள் நிக்கும்?"

"அடுத்த மழை வரைக்கும். அப்புறம் மறுபடி நடந்து பாரு" என்றது ஆமை.

எழுதியது எத்தனை நாள் நின்றது என்று பார்ப்பதைவிட, இன்றைக்கும் அது சரிதானா என்று பார்ப்பதே நம்பி வருபவர்களைக் காப்பாற்றும்.