வளையம் சொன்ன சாட்சி

மிராசுதார் சங்கரலிங்கத்தின் வீரமெல்லாம் மீசையோடு சரி. வீட்டில் நடக்கவிருந்த விருந்தில் காட்டுவதற்காக, கூடத்தில் தொங்கிய பழைய ராணுவத் துப்பாக்கிக்குத் தோள்வார் தைக்க, தோல் வேலை செய்யும் மாசானத்தை வரவழைத்தார்.

“என் தாத்தா ஆறு வருஷம் போரில் தோளில் மாட்டித் திரிந்த துப்பாக்கி இது. அன்றிருந்தது மாதிரியே இருக்கணும். பிசகினால் சந்தையில் உன் கடை இருக்காது.”

மாசானம் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்து எடுத்துப்போனார். விருந்தன்று, எல்லோர் முன்னிலையிலும் அதை வெறுமனே நீட்டினார்.

“வார் எங்கேடா?”

“அன்றிருந்தபடியேதான் இருக்கு, எசமான். ஆறு வருஷம் வார் உரசியிருந்தால் அதை மாட்டும் வளையம் தேய்ந்திருக்கும். இதில் பூசின கறுப்புகூடப் போகலை.”

விருந்துக்கு வந்த ஓய்வுபெற்ற சுபேதார் வளையத்தைத் தடவிப் பார்த்தார். “தாத்தா ரொம்பப் பத்திரமாய்ச் சண்டை போட்டிருக்கார்” என்றார்.

கடையைக் காலிசெய்யச் சொன்னால் ஊருக்குக் காரணம் சொல்லவேண்டுமே என்று மிராசுதார் துப்பாக்கியை மட்டும் வாங்கிக் கூடத்தில் பழையபடி மாட்டினார்.