வரப்பில் கிடந்த ஒன்பது பயிர்

இந்தக் கதையைக் காதால் மட்டும் கேட்டால் போதாது, கண்ணாலும் கேட்க வேண்டும்.

பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண்ணில் நல்லப்பனுக்கு மூன்று ஏக்கர் காடு, வற்றாத கிணற்றோடு. மகள் ஊருக்குக் குடிபோகவிருந்ததால் காட்டைக் குத்தகைக்கு விட நினைத்தார். மூன்று பேர் வந்து நின்றார்கள். உரக்கடையில் வேலை பார்த்த பாலகுரு, எந்த வேலையையும் முதலில் முடித்துவிடும் வேலாயுதம், பத்து வருடமாய் அடுத்தவர் காட்டில் களை வெட்டும் கனகவல்லி. அவளுக்கென்று ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் எத்தனை ஆள் ஆழம் என்று கண்ணாலேயே அளந்தாள்.

நல்லப்பன் தன் கையாலேயே மக்காச்சோளம் விதைத்தார். சால் பிடித்து, சாணுக்கு ஒரு விதை. ஒவ்வொரு ஆறு சால் முடிந்ததும் மடியை அவிழ்த்து ஏழாவது சாலில் வேறு ஏதோ போட்டார். அது அவர் வீட்டு வழக்கம். கனகவல்லி பார்த்தாள், பாலகுருவும் பார்த்தான். வேலாயுதம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆளுக்கு ஒரு பங்கு. நான் விதைச்சது ஒண்ணும் சாகக் கூடாது, விதைக்காதது ஒண்ணும் நிக்கக் கூடாது. இருபத்தஞ்சாம் நாள் வருவேன். சொன்னபடி யாரு செஞ்சிருக்காங்களோ, காடு அவங்களுக்குத்தான்."

மூன்றாம் நாளே, ஈரம் காயுமுன், வேலாயுதம் முளைக்குமுன் அடிக்கும் களைக்கொல்லியைத் தன் பங்கு முழுக்க அடித்துவிட்டு வீட்டுக்குப் போனான். அவன் பங்கில் புல் தலைகாட்டவே இல்லை.

மற்ற இரண்டு பங்கிலும் களை மண்டியது. ஏழாவது சால்களில் தட்டைப்பயறு இலை விட்டது. பாலகுரு பதினெட்டாம் நாள், சோளத்தை விட்டு மற்றதைக் கருக்கும் மருந்தை வாங்கி வந்தான். தட்டைப்பயறு மேல் தார்ப்பாய் மூடிக்கொண்டு அடித்தான். கனகவல்லியும் அதே மருந்துதான். தட்டைப்பயறு மேல் தெறிக்காமலிருக்க, பழைய பிளாஸ்டிக் குடத்தை அறுத்து, மருந்து பீய்ச்சும் முனையில் கவிழ்த்துக் கட்டியிருந்தாள்.

"என்னக்கா, மருந்துக்குக் குடை பிடிக்கிற?" என்றான் பாலகுரு.

"உன் பயிறு தார்ப்பாய்க்குள்ள வேகுதாம், போய்ப் பாரு."

ஒரு வாரத்தில் களையெல்லாம் வெளுத்துச் சாய்ந்தது. கனகவல்லி ஒவ்வொரு விடியலிலும் ஓடிப்போய்ப் பார்ப்பாள். ஆனால் அவள் பங்கில், போன வெள்ளாமையில் கதிரடிக்கும் மெஷின் நின்ற இடத்தில், சாலுக்கு வெளியே, ஒன்பது சோளப்பயிர் இரண்டு கொத்தாகச் செழித்து நின்றன. மருந்து அவற்றைத் தொடவில்லை. அப்படி இரண்டு கொத்து பாலகுருவின் பங்கிலும் நின்றது. கனகவல்லி மண்வெட்டியால் தன் பங்கில் இருந்தவற்றை வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்து, உதறாமல் வரப்பில் வைத்தாள்.

இருபத்தைந்தாம் நாள் நல்லப்பன் வந்தார்.

"ஒரு புல்லு காட்டுங்க பாப்போம்" என்றான் வேலாயுதம். அவனுடைய ஏழாவது சால்களில் பழுத்துக் காய்ந்த குருத்துகள் மட்டும் கிடந்தன.

"எம் பங்குல களையும் இல்ல, சாவும் இல்ல" என்ற பாலகுரு, வரப்பைக் காட்டினான். "அக்கா பங்கப் பாருங்க மாமா. சோளத்தையே புடுங்கிப் போட்டிருக்கு. ஒண்ணும் சாகக் கூடாதுன்னு சொன்னீங்களே."

நல்லப்பன் முகம் இறுகியது. ஆனாலும் கனகவல்லியின் கண்ணில் ஒரு துள்ளல். "வேரப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூவரில் சொன்ன சொல்படி நடந்தது யார்? காடு யாருக்கு?

*

விடை: கனகவல்லிக்கு. வேலாயுதத்தின் மருந்து சோளத்தை விட்டது, விதைத்த தட்டைப்பயறைத் தின்றது. பாலகுருவின் மருந்து சோளத்தை விட்டது, விதைக்காத சோளத்தையும் சேர்த்து விட்டது. மருந்துக்கு இனம்தான் தெரியும், யார் விதைத்தது என்று தெரியாது. சாணுக்கு ஒன்றாக விதைத்தவர் கொத்தாக விதைத்திருப்பாரா? நல்லப்பன் மண்ணை உதிர்த்தார். போன வருடத்துக் கதிரின் மக்கிய சக்கையிலிருந்து ஐந்து பயிர், இன்னொன்றிலிருந்து நான்கு. அவர் சிரித்துக்கொண்டே மடியை அவிழ்த்து, மிச்சமிருந்த தட்டைப்பயறைக் கனகவல்லியின் முந்தானையில் கொட்டினார்.