பியானோவுக்குள் போன ராணி

ராணி பியானோவுக்குள் மாட்டிக்கொண்டாள். நடந்தது அதுதான்.

எப்போது என்று கேட்பீர்கள். கடலில் உப்பு இறங்காத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவழத்துறை என்று ஒரு நாடு. அரசன் நீலபூபதி. ராணி கோமளவல்லி. ஒரே மகள் குழலி. அவர்கள் அரண்மனைக்குக் கப்பலில் ஒரு பியானோ வந்து இறங்கியது. பெரிய மரப்பெட்டி. வரிசையாகக் கட்டைகள். ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டும். அவ்வளவுதான் சங்கதி.

கோணவாயன் என்ற மந்திரவாதி விருந்துக்கு வந்தான். சாப்பிட்டான். பாடினான். சபையே தலையாட்டியது. ராணி மட்டும், "சுருதி விலகுது ஐயா" என்றாள்.

உள்ளதைத்தான் சொன்னாள். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"சுருதி மேலே அவ்வளவு ஆசையா? அதுக்குள்ளேயே கிட" என்று கையை வீசினான். ராணியைக் காணோம். பெட்டிக்குள்ளிருந்து, "இங்கே ஒரே இருட்டா இருக்கே" என்று குரல் வந்தது.

குழலி ஓடிப்போய் அவன் காலைப் பிடித்தாள். விடவில்லை. அவன் உதறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"மூணு தடவை வருவேன். எப்ப வருவேன்னு சொல்ல மாட்டேன். ஒரு தடவையாவது எல்லாக் கம்பியும் சுருதியிலே நின்னா, உன் அம்மா வெளியே. மூணும் தப்பினா, அவளும் மரம்."

போய்விட்டான்.

அரசன் துறைமுகத்திலிருந்து ஒரு சுருதிக்காரியை வரவழைத்தான். கப்பலில் வரும் பியானோக்களுக்கெல்லாம் சுருதி கூட்டுகிறவள். வாய் நீளம். வேலை சுத்தம். முடுக்கியைப் போட்டுக் கம்பி கம்பியாகத் திருகினாள். ராணியின் குரல் மணிமாதிரி கேட்டது.

"மாசம் பிறந்தா வர்றேன் ராசா" என்றாள்.

"எதுக்கு? அதான் சரியாயிடுச்சே."

"மழை வருதே."

"மழை வெளியிலே பெய்யும். பெட்டி வீட்டுக்குள்ளே இருக்கு. நீ போயிட்டு வா."

பட்டுத்துணியால் மூடினான். கடல் பார்த்த அறையில் வைத்துப் பூட்டினான். மழை வந்தது. மரம் ஊதியது. கம்பியின் சுருதி விலகியது. கொட்டுகிற மழையில் கோணவாயன் வந்து கட்டையைத் தட்டினான். தகர டப்பா மாதிரி ஒரு சத்தம். சிரித்துக்கொண்டே போனான். ராணிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அரசன் யோசித்தான். அதுதான் தப்பு. 'நானே கவனித்துக்கொள்கிறேன்' என்று கிளம்பிவிட்டான்.

ஆயுத பூஜை வந்தது. வாளுக்குப் பொட்டு வைத்தார்கள், தேருக்குப் பொட்டு வைத்தார்கள். பியானோவை விடுவார்களா? கட்டைக்குக் கட்டை சந்தனம். குங்குமம். தலைமேல் ஈரம் சொட்டுகிற மாலை. மூடியைத் திறந்து உள்ளே ஒரு கிண்டி நல்லெண்ணெய்.

"மூக்கிலே எண்ணெய் போகுது" என்றாள் ராணி.

"குளிர்ச்சி கோமளா, உடம்புக்கு நல்லது" என்றான் அரசன்.

சந்தனம் காய்ந்து கட்டைகள் ஒட்டிக்கொண்டன. மாலைத் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்தது. கோணவாயன் வந்தான். அழுத்தின கட்டை மேலே எழும்பவே இல்லை. இந்தத் தடவை அவன் சிரிக்கக்கூட இல்லை. ராணியின் குரல் ஈனமாகிவிட்டது. காதை வைத்தால்தான் கேட்கும்.

இன்னும் ஒரே தடவை.

குழலி அப்பாவிடம் கேட்கவில்லை. துறைமுகத்துக்கு நடந்தாள். சுருதிக்காரியைக் கையோடு கூட்டி வந்தாள்.

சுருதிக்காரி மூடியைத் திறந்தாள். மோந்தாள். "யாரு தாளிச்சது?" என்றாள்.

அரசன் தரையைப் பார்த்தான். "அன்புலே செஞ்சதும்மா."

"அன்பைக் கிண்டியிலே கொண்டாந்து ஊத்துவாங்களா ராசா? நல்லவேளை, மிளகாய் கிள்ளிப் போடலை."

"அக்கா, அம்மா பிழைப்பாங்களா?" என்றாள் குழலி.

"உங்கப்பா கையைக் கட்டிக்கிட்டு நின்னா பிழைப்பாங்க கண்ணு."

அரசன் கையைக் கட்டிக்கொண்டான்.

துருவேறின கம்பியை மாற்றினாள். சுத்தியல் தலைகளில் எண்ணெய் குடித்த கம்பளியைக் கிழித்துப் புதுசு வைத்தாள். பெட்டியைக் கடற்காற்று படாத உள்ளறைக்கு நகர்த்தினாள். அப்புறம் முறை வைத்தாள். மழையில் அறைமூலையில் தணல் சட்டி. கோடையில் தண்ணீர்ச் சட்டி. மாதம் பிறந்தால் சுருதிக்காரி.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது. மழையில் தணல் சட்டி. மாதம் பிறந்தால் சுருதிக்காரி. வருவாள், திறப்பாள், தட்டுவாள், திருகுவாள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். ராணிக்குக் குரல் திரும்பியது. அரசனைத் திட்டுகிற அளவுக்குத் திரும்பியது. கோணவாயனைத்தான் காணோம்.

தை பிறந்தது. ஊரெல்லாம் பொங்கல். வாசலில் பானை பொங்கப் போகிற நேரம். சுருதிக்காரி பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னிக்குமா?" என்றான் அரசன். "நாள் கிழமை பார்க்க வேண்டாமா? நாளைக்கு வாயேன்."

"மாசம் பிறந்திடுச்சே ராசா."

"பெட்டி பேசுது, பாடுது, காலையிலே என் தலைப்பாகையைக்கூடக் குறை சொல்லிச்சு. என்ன கெட்டுப்போச்சு?"

"கெடலை. கெடாம இருக்கத்தானே வர்றேன்."

அரசன் மகள் முகத்தைப் பார்த்தான். வழி விட்டான்.

அவள் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒன்று. நின்றாள். மறுபடி தட்டினாள். சுருதி மயிரிழை விலகியிருந்தது. அரசனுக்குத் தெரியவில்லை, குழலிக்குத் தெரியவில்லை, உள்ளேயே இருந்த ராணிக்கும் தெரியவில்லை. மார்கழிப் பனி செய்த வேலை. முடுக்கியைப் போட்டு, ஒரு சின்ன அழுத்து. சரி.

முடுக்கியை இன்னும் பையில்கூடப் போடவில்லை. கோணவாயன் உள்ளே வந்தான்.

இடது ஓரத்தில் தொடங்கினான். தட்டினான், சரியாக இருந்தது. தட்டினான், சரியாக இருந்தது. நடுவில் அந்தக் கம்பி. தட்டினான். சரியாக இருந்தது. வலது ஓரம்வரை போனான். சரியாக இருந்தது. ஆத்திரத்தில் திரும்ப ஒருமுறை முழுக்கத் தட்டினான். அதுவும் சரி.

மூடி தானாக எழும்பியது. ராணி ஒரு காலை வெளியே வைத்தாள். இரண்டு தும்மல் போட்டாள். அடுத்த காலையும் வைத்தாள். குழலி பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கோணவாயன் என்ன ஆனான் என்று கேட்காதீர்கள். மந்திரம் உடைந்தால் மந்திரவாதி வெறும் ஆள். போய்விட்டான்.

வாசலில் பால் பொங்கி வழிந்தது. ராணி முதல் கரண்டியைச் சுருதிக்காரியின் இலையில் போட்டாள். மாதம் பிறந்தால் அவளுக்கு அரண்மனையிலிருந்து வண்டி வரும், கதவு திறந்திருக்கும், இலை போட்டிருக்கும் என்று அங்கேயே உத்தரவு போட்டாள்.

"இத்தனை நாள் என் காதோரத்திலே வேலை பார்த்தவ. உன் பேர் என்னம்மா?"

அரசன் மகளைப் பார்த்தான். மகள் அரசனைப் பார்த்தாள். இருவருமே கேட்டிருக்கவில்லை.

அவள் வாயில் இருந்த பொங்கலை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"மிக்கேலம்மாள்."